தரையை நம்பாத எலி: மிளகெலியும் அது வாழும் காடும்

திருவிதாங்கூர் மலைகளில் கூந்தல்பனையிலிருந்து கள் இறக்கியவர்களுக்கு அந்தக் காலத்தில் ஒரு தொல்லை இருந்தது. பானையைக் கட்டிவிட்டுப் போனால் இரவில் ஓர் எலி வந்து அதற்குள் இறங்கிவிடும். காலையில் பானையை எடுத்தால் கள்ளோடு எலியும் வரும். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அந்த மலைகளில் இருந்த பேக்கர் என்ற பாதிரியார் இந்த எலியைப் பற்றிக் குறிப்புகள் எழுதி அனுப்ப, விலங்கியலாளர் ஜெர்டன் 1867இல் அவற்றை அச்சில் ஏற்றினார். பழுத்த மிளகைக் கொடியிலேயே தின்று தீர்க்கும், அயனிப்பலா, சாதாரணப் பலா எதையும் விடாது, கள்ளென்றால் கொள்ளைப் பிரியம் என்பதுதான் அந்தக் குறிப்புகளின் சாரம். மிளகுத் தோட்டக்காரர்கள் இதற்கு வைத்த பெயர் மிளகெலி.

அதே பெயரிலேயே இதை அழைப்போம். ஆங்கிலத்தில் இதை 'மலபார் ஸ்பைனி டார்மவுஸ்' என்கிறார்கள். அறிவியல் பெயர் பிளாட்டகேந்தோமிஸ் லாசியூரஸ். கிரேக்கத்தைப் பிரித்துப் பார்த்தால் 'தட்டை முள் எலி, மயிர் வால்' என்று வரும். வாயில் நுழையாவிட்டாலும் விலங்கின் அடையாளம் மொத்தமும் அதில் அடங்கிவிடுகிறது. கல்கத்தாவில் ஏசியாட்டிக் சொசைட்டி அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த எட்வர்ட் பிளைத் 1859இல் சூட்டிய பெயர் அது.

உலகில் இது மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும்தான் இருக்கிறது. அதிலும் தெற்குப் பாதியில்: கர்நாடகத்தின் குடகிலிருந்து கேரளம், தமிழ்நாடு வழியாக அகத்தியமலை வரை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் 'அழிவாய்ப்பு இனம்' என்ற பிரிவில் வைத்திருக்கிறார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்பதைப் பின்னால் பார்ப்போம். ஓர் எலி அழிகிறது என்றால் 'அழிந்தால் நல்லதுதானே' என்று சிரிப்பவர்கள்தான் அதிகம். நெல்லையும் பழைய துணியையும் கடித்து வைத்த எலிகளோடு வாழ்ந்தவர்களின் சிரிப்பு அது, அதில் தப்பில்லை. ஆனால் மிளகெலிக்கும் வீட்டெலிக்கும் உள்ள உறவு மிகத் தூரத்து உறவு.

முதலில் பெயர்க் குழப்பம்

தமிழில் இந்த விலங்குகளின் பெயர்கள் கொஞ்சம் ஏமாற்றும். கொறிவிலங்கு என்பது விலங்கியலில் ஒரு வரிசை. மேலே இரண்டு, கீழே இரண்டு என்று உளி போன்ற முன்பற்கள் இருக்கும், அவை வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், கொறித்துத் தேய்க்காவிட்டால் அந்தப் பற்களாலேயே விலங்குக்குச் சாவு வரும். எலி, சுண்டெலி, அணில் எல்லாம் இதில் சேரும். முள்ளம்பன்றியும் சேரும், அது பன்றியே இல்லை. மாறாக, நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்துத் தேரிக்காடுகளிலும் வறண்ட நிலங்களிலும் உருண்டு சுருண்டுகொள்ளும் முள்ளெலி எலி வகையே கிடையாது, பூச்சி தின்னும் வேறொரு கூட்டம். பிள்ளையாரின் மூஞ்சூறும் அப்படித்தான், அதுவும் கொறிவிலங்கு இல்லை.

மிளகெலிக்கும் முதுகில் முள் இருப்பதால் அதைச் சிலர் 'முள்ளெலி' என்று எழுதிவிடுகிறார்கள். படிப்பவர் தேரிக்காட்டு முள்ளெலியை நினைத்துக்கொள்வார். இரண்டுக்கும் சம்பந்தமில்லை. அது வறண்ட தரையில் திரிவது, இது மழைக்காட்டின் உச்சியில் திரிவது.

ஆங்கிலப் பெயரிலும் இதே கோளாறு உண்டு. டார்மவுஸ் என்பவை ஐரோப்பாவிலும் ஆசியாவின் பிற பகுதிகளிலும் ஆப்பிரிக்காவிலும் உள்ள தனிக் குடும்பம். குளிர்காலம் முழுக்கத் தூங்குவதற்குப் பேர்போனவை. மிளகெலியின் மயிரடர்ந்த வாலைப் பார்த்து இதையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். வாயைத் திறந்து எண்ணிப் பார்த்தால் குட்டு வெளிப்படும். டார்மவுஸுக்கு 20 பற்கள், மிளகெலிக்கு 16. கடைவாய்ப் பல்லுக்கு முன்னால் டார்மவுஸுக்கு இருக்கும் ஒரு சிறு பல் மிளகெலிக்குக் கிடையாது. மரபணுவும் அதையேதான் சொல்கிறது: எலிகளின் பெருங்கூட்டத்திலிருந்து வெகு காலத்துக்கு முன்பே பிரிந்துபோன தனிக் கிளை இது.

அந்தக் கிளையில் இன்று உயிரோடு இருப்பவை இரண்டே பேரினங்கள். ஒன்று நம்முடைய மிளகெலி, அதன் பேரினத்தில் அது ஒற்றை ஆள். இன்னொன்று சீனாவிலும் வியட்நாமிலும் உள்ள டிஃப்லோமிஸ் என்ற மர எலி. அதற்குக் கண் பார்வை மிக மோசம். இருட்டில் கிளைக்குக் கிளை எப்படிப் போகிறது என்று பார்த்ததில், வௌவால் போல நம் காதுக்குக் கேட்காத ஒலியை எழுப்பி அதன் எதிரொலியை வைத்து வழி கண்டுபிடிக்கிறது என்று தெரிந்தது. 2021இல் சயின்ஸ் இதழில் அந்த ஆய்வு வெளியானது. மிளகெலிக்கு அந்த வித்தை தேவைப்படுகிற அளவுக்குக் கண் கெட்டுப்போகவில்லை.

முன்பு இந்தக் குடும்பம் பெரிதாக இருந்திருக்கிறது. மயோசீன் காலத்தில், அதாவது ஏறத்தாழ 2.3 கோடி ஆண்டுகளிலிருந்து 53 லட்சம் ஆண்டுகள் முன்பு வரைக்குமான காலத்தில், இதன் உறவினர்கள் ஐரோப்பா வரை வாழ்ந்ததற்குப் புதைபடிவங்கள் உண்டு. சீனாவின் யுன்னானில் லூஃபெங் என்ற இடத்தில் மிளகெலியின் பேரினத்தையே சேர்ந்த பற்கள் கிடைத்திருக்கின்றன. உலகம் குளிர்ந்து காய்ந்து, பசுமைமாறாக் காடுகள் சுருங்கியபோது அந்தக் கூட்டமும் சுருங்கியது. யுன்னானுக்கும் குடகுக்கும் நடுவில் இருந்ததெல்லாம் போய், ஈரம் விடாத நம் மலைச்சரிவுகளில் மட்டும் இது தங்கிவிட்டது.

கையளவு விலங்கு

தலையும் உடலும் சேர்ந்து 13, 14 செ.மீ. இருக்கும், வால் 10 செ.மீ.யை ஒட்டி. எடை 60 முதல் 80 கிராம், ஒரு கோழிமுட்டையை விடச் சற்றுக் கூடுதல். செம்பழுப்பு முதுகு, வெளிறிய வயிறு. முதுகு மயிருக்கு இடையில் தட்டையான மெல்லிய முட்கள் கலந்திருக்கும். முள்ளம்பன்றி போலச் சிலிர்த்து நிறுத்துகிற முள் கிடையாது, மயிரோடு மயிராகப் படிந்திருக்கும். தலையிலிருந்து வால் பக்கம் தடவினால் வழவழப்பு, எதிர்ப்பக்கம் தடவினால் சுருக்கென்று படும்.

வால்தான் இதன் அழகு. அடியில் மயிர் குறைவு, நுனியை நோக்கிப் போகப் போக அடர்ந்து, பால்புட்டி கழுவும் பிரஷ் மாதிரி முடியும். நுனி வெள்ளை. இருட்டில் டார்ச் அடிப்பவர் கண்ணுக்கு முதலில் படுவது அந்த வெள்ளைதான். இலைகளுக்கு நடுவே ஒரு பஞ்சுத் துணுக்கு ஏறி ஏறி மறையும்.

இரவில்தான் நடமாட்டம். பகலில் மரப்பொந்தில். பொந்துக்குள் இலையையும் பாசியையும் கொண்டுவந்து போட்டு மெத்தை செய்துகொள்ளும். பாறை இடுக்கிலும் இருக்கும் என்று பேக்கரின் குறிப்பு சொல்கிறது, ஆனால் இதற்கு முக்கியமான வீடு பொந்துதான். இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பொந்து எப்படி உண்டாகிறது? கிளை முறிந்த இடத்தில் மழைநீர் தங்கி, காளான் பிடித்து, உள்மரம் உளுத்து, சில சமயம் மரங்கொத்தி வந்து மிச்சத்தைத் தோண்டி, இப்படி வருடக்கணக்கில் ஆகும் வேலை அது. இளமரத்தில் பொந்து விழாது. ஆகவே 'நிறைய மரம்' என்பது இந்த எலிக்குப் போதாது, வயதான மரம் வேண்டும். கோணலும் உளுப்புமாக இருப்பதால் மரவியாபாரி 'ஒன்றுக்கும் ஆகாது' என்று ஒதுக்குகிற மரம்தான் இதற்கு மாளிகை.

வெடிபலாவும் எலியும்

தென் மேற்குத் தொடர்ச்சி மலையில், 700 மீட்டரிலிருந்து 1,400 மீட்டர் உயரம் வரையிலான ஈரக்காடுகளில், ஒரு மரம் ஆட்சி செய்கிறது: வெடிபலா. குல்லீனியா என்பது அதன் அறிவியல் பெயர். காய் முழுக்க முள், முற்றினால் வெடித்துத் திறக்கும். டுரியான் பழ மரத்துக்கு உறவு. களக்காடு-முண்டந்துறையில் மாஞ்சோலைக்கு மேலே கக்காச்சி பக்கம் போனால் இந்த மரங்களின் காட்டைப் பார்க்கலாம்.

அதன் பூவை நாம் பூ என்று ஒத்துக்கொள்ளவே தயங்குவோம். இதழ் கிடையாது. பழுப்புப் பொன் நிறத்தில் குழாய் மாதிரி ஒரு சதைப்பற்றுள்ள புல்லி, உள்ளே மகரந்தம். இலையோரத்தில் பூக்காமல் கிளையின் உடம்பிலேயே கொத்துக் கொத்தாக, ஒரு மரத்தில் ஆயிரக்கணக்கில் பூக்கும். காட்டில் வேறு பழங்கள் குறைவாக இருக்கும் வறண்ட மாதங்களில் இது பூக்கிறது. பசித்த வாய்கள் அத்தனையும் அங்கே வந்துவிடும். சோலைமந்தி என்கிற சிங்கவால் குரங்கு, கருமந்தி, மலையணில், வௌவால், இரவில் மிளகெலி.

வருகிறவர்கள் பூவைப் பிய்த்துத் தின்கிறார்கள். தின்றால் மரத்துக்கு நட்டம்தானே என்று தோன்றும். டி. கணேஷும் சௌபத்ரா தேவியும் கக்காச்சிக் காட்டில் இதைக் கவனித்து 2000இல் செல்பியானா இதழில் எழுதினார்கள். தின்ன வரும் பாலூட்டிகளின் முகத்தில் மகரந்தம் ஒட்டிக்கொள்கிறது, அடுத்த மரத்துக்குப் போகும்போது அது கூடவே போகிறது. ஆயிரக்கணக்கில் பூ வைத்திருக்கும் மரம், நிறையப் பூக்களைச் சாப்பாடாகக் கொடுத்துவிட்டு, சிலவற்றைக் காயாக்கிக்கொள்கிறது. பூச்சியும் பறவையும் செய்வதாக நாம் பள்ளியில் படித்த வேலையை இங்கே குரங்கும் வௌவாலும் எலியும் செய்கின்றன. முள் வைத்த காய் காய்க்கும் மரத்துக்கு முள் வைத்த எலி உதவிக்கு வருவது தற்செயல்தான், இருந்தாலும் எனக்கு அந்தப் பொருத்தம் பிடிக்கும்.

இத்தனைக்கும் மிளகெலி மட்டுமே இந்த மரத்தைக் காப்பாற்றுகிறது என்று சொல்லிவிடக் கூடாது. இந்த வேலையில் அது பலரில் ஒருவர், வௌவாலின் பங்கு பெரிது. காட்டு விலங்குகளைப் பற்றி எழுதும்போது ஒவ்வொன்றையும் 'இது இல்லையென்றால் காடே இல்லை' என்று தூக்கி வைத்துப் பேசுவது ஒரு வழக்கமாகிவிட்டது. எலிக்கு அந்தப் பொய் மகுடம் வேண்டாம். பூந்தூள் சுமக்கிறது, விதை தின்கிறது, ஆந்தைக்கும் பாம்புக்கும் மரநாய்க்கும் இரையாகிறது. அது போதும்.

காடு இருக்கிறது, பாதை இல்லை

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். 'வாழிடம்' என்ற சொல்லைப் பாடப்புத்தகத்தில் படித்திருப்போம்: ஓர் உயிர் வாழும் இடம். படத்தில் பச்சை வண்ணம் அடித்திருப்பார்கள். மிளகெலியின் கண்ணில் அந்தப் பச்சை எப்படித் தெரியும்?

நாம் காட்டைத் தரையிலிருந்து பார்க்கிறோம். இது மேலே, கிளையும் கிளையும் உரசும் மட்டத்தில் வாழ்கிறது. மரத்தின் தலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து கூரை மாதிரி அமைவதை விதானம் என்பார்கள். கீழே நிழல் தருவதால் நமக்கு அது கூரை, மேலே நடப்பவருக்கு அதுதான் தரை. ஒரு மரத்தின் கிளை அடுத்த மரத்தைத் தொடும் இடம் ஒரு சந்திப்பு. ஒரு மரத்திலிருந்து இன்னொன்றுக்குப் படர்ந்த தடித்த கொடி ஒரு பாலம். இப்படிச் சந்திப்பும் பாலமும் அறுபடாமல் இருப்பதை விதானத் தொடர்ச்சி என்கிறார்கள்.

இப்போது நடுவில் ஒரு சாலை போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மலையணில் வந்து பார்க்கும், பின்னங்காலை ஊன்றி ஒரே தாவில் ஆறு மீட்டர் வரை தாண்டிவிடும். பறக்கும் அணில் உயரத்திலிருந்து போர்வை விரித்துச் சறுக்கி அக்கரை சேரும். எழுபது கிராம் மிளகெலியால் இரண்டும் முடியாது. அதற்கு இருப்பது ஏறும் கால் மட்டும். கீழே இறங்கி நடக்க வேண்டும். கீழே என்றால் நாய், பூனை, கீரி, வண்டிச் சக்கரம், மறைய ஓர் இலைகூட இல்லாத தார். நமக்கு ஐந்து நொடியில் கடக்கிற சாலை அதற்கு ஓர் ஆறு.

சாலை மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இந்த மலைகளில் காட்டை வெட்டித் தேயிலை, காப்பி, ஏலம், பிறகு தேக்கும் யூக்கலிப்டசும் வைத்திருக்கிறோம். அணைகளும் வந்தன. 1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 ஆண்டுக் குத்தகைக்கு வாங்கிய நிலத்தில்தான் மாஞ்சோலைத் தேயிலை வந்தது. ஊத்து, நாலுமுக்கு என்று அந்த எஸ்டேட் ஊர்கள் இன்று மழையளவுச் செய்திகளில் அடிபடுகின்றன. அந்த மழைதான் அங்கே மழைக்காடு இருந்ததற்குக் காரணம். ஆனைமலையில் வால்பாறை மேட்டுநிலமும் இதே கதை: தேயிலைக் கடலில் அங்கங்கே தீவுகளாகக் காட்டுத் துண்டுகள்.

துண்டு துண்டாகப் போனால் என்ன, மொத்தப் பரப்பு இருக்கிறதே என்று கேட்கலாம். நல்ல கேள்வி. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், பள்ளிக் கணக்குதான்.

காட்டின் ஓரம் உள்ளே இருக்கும் காடு போல இருக்காது. வெயில் பக்கவாட்டிலிருந்து நுழையும், காற்று அடிக்கும், ஈரம் காயும், பெரிய மரங்கள் சாயும், உண்ணிச்செடி புகுந்துவிடும். இந்த ஓரத்தின் பாதிப்பு உள்ளே 100 மீட்டர் வரை போகிறது என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். ஒரு கி.மீ. நீளம், ஒரு கி.மீ. அகலம் உள்ள ஒரே சதுரக் காடு என்றால், நான்கு பக்கமும் 100 மீட்டர் கழித்து, உள்ளே 800-க்கு 800 மீட்டர் நல்ல காடு மிஞ்சும். அதாவது 64 விழுக்காடு.

அதே ஒரு சதுர கி.மீ.யை 250 மீட்டர் சதுரங்களாக 16 துண்டாக்கி, இடையில் இடைவெளி விட்டுத் தள்ளித் தள்ளி வையுங்கள். ஒரு மரம்கூட வெட்டவில்லை, மொத்தப் பரப்பு அதேதான். ஆனால் ஒவ்வொரு துண்டிலும் ஓரத்தைக் கழித்தால் நடுவில் மிஞ்சுவது 50-க்கு 50 மீட்டர். பதினாறையும் கூட்டினால் 40,000 சதுர மீட்டர், வெறும் 4 விழுக்காடு. அறுபத்து நான்கு நான்காகிவிட்டது. நில ஆவணத்தில் இரண்டும் ஒரே பரப்புதான்.

துண்டாடலின் இன்னொரு தீங்கு மெதுவாக வரும். ஒரு துண்டில் இருபது எலி இருந்தால், அந்த இருபதுக்குள்ளேயே இணை தேட வேண்டும். ஒரு வருடம் வெடிபலா சரியாகப் பூக்கவில்லை, அல்லது ஒரு புயலில் பொந்து மரங்கள் விழுந்தன என்றால், பக்கத்துத் துண்டிலிருந்து புதுசாக ஒருவர் வந்து குடியேற வழியில்லை. ஒரு துண்டில் போனது போனதுதான். காடு அப்படியே நிற்கும், உள்ளே ஆள் இருக்காது.

ஏலத்தோட்டம் என்ற கண்கட்டு

இதில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது ஏலத்தோட்டம்தான். தேயிலை வைக்கக் காட்டை மொட்டையடிக்க வேண்டும், பார்த்தாலே தெரியும். ஏலத்துக்கு நிழல் வேண்டும் என்பதால் பெரிய மரங்களை விட்டுவைப்பார்கள். விமானத்திலிருந்து பார்த்தால் அருமையான காடு. உள்ளே போய்ப் பார்த்தால், அடிக்காடு முழுக்க எடுத்துவிட்டு ஏலம் நட்டிருக்கும், மரத்தில் ஏறிய கொடிகளை அறுத்திருப்பார்கள், நிழல் அதிகமென்று கிளை கழித்திருப்பார்கள். இளமரம் எதுவும் மேலே வராததால், இருக்கும் கிழமரம் சாய்ந்தால் அந்த இடம் ஓட்டைதான்.

காட்டைக் காப்பதில் மர எண்ணிக்கையையே பார்த்துப் பழகிய நமக்கு, கொடி என்றால் களை. வனத்துறையின் பழைய வழிமுறைகளிலும் கொடி அறுப்பது ஒரு பராமரிப்பு வேலையாகவே இருந்தது, நல்ல தடி மரம் நேராக வளர வேண்டுமே. ஆனால் எழுபது கிராம் எடைக்குக் கொடி ஒரு நெடுஞ்சாலை. மரம் மூன்று மீட்டர் தள்ளி நின்றாலும் நடுவில் ஒரு கொடி இருந்தால் ஊர் ஒன்றாகிவிடும். அந்தக் கொடியை ஓர் அரிவாள் வீச்சில் எடுத்தால், மரம் எண்ணுபவருடைய கணக்கில் எதுவும் குறைந்திருக்காது.

தோட்டக்காரரைக் குறை சொல்லிவிட்டுப் போவதும் சரியில்லை. மிளகு விலைபோகும் பொருள், கொடியிலேயே தின்று துப்புகிற எலியை யார் கொஞ்சுவார்கள்? காட்டுப் பழம் கிடைக்கும் இடத்தில் இருக்கும் எலி தோட்டத்துக்கு வருவது குறைவாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். பேக்கர் எழுதிய காலத்தில் மிளகுக் கொடி ஏறியிருந்ததே காட்டு மரங்களில்தான், தோட்டத்துக்கும் காட்டுக்கும் எல்லை அவ்வளவு கறாராக இல்லை. இன்று தேயிலை நடுவே வரிசையாக நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகு ஏற்றுகிறார்கள். கிளையெல்லாம் கழித்து விளக்குக் கம்பம் போல நிற்கும் மரங்கள் அவை. அங்கே மிளகெலியால் மிளகுக்கு ஆபத்து இல்லை, ஏனென்றால் மிளகெலி அங்கே போய்ச் சேரவே வழியில்லை.

பட்டியலில் எங்கே நிற்கிறது

சிவப்புப் பட்டியலில் அழிவின் விளிம்பை நோக்கி மூன்று படிகள் உண்டு: அழிவாய்ப்பு இனம், அருகிய இனம், மிக அருகிய இனம். மூன்றையும் சேர்த்துத்தான் 'அச்சுறுத்தலுக்குள்ளான இனங்கள்' என்பார்கள். மிளகெலி முதல் படியில் நிற்கிறது. நீலகிரியின் நீள்வால் மர எலி இரண்டாம் படியில். சேலத்துக்குப் பக்கம் குரும்பப்பட்டியில் கிடைத்து 1940களில் விவரிக்கப்பட்ட எல்விரா எலி மூன்றாம் படியில். யானைக்கும் புலிக்கும் இருக்கிற மாதிரி இவற்றுக்கு ரசிகர் கூட்டம் இல்லை.

படி ஏற்றுவதற்கு எண்ணிக்கை மட்டும் அளவுகோல் இல்லை. எவ்வளவு இடத்தில் இருக்கிறது என்பதையும் பார்க்கிறார்கள். வரைபடத்தில் ஓர் இனம் பரவியிருக்கும் எல்லையைக் கோடு போட்டு வளைத்தால் ஒரு பரப்பு வரும். அதற்குள் அது உண்மையிலேயே குடியிருக்கும் கட்டங்களை மட்டும் கூட்டினால் வேறு பரப்பு வரும், அது மிகச் சிறியது. முதலாவது 20,000 சதுர கி.மீ.க்குக் கீழோ, இரண்டாவது 2,000 சதுர கி.மீ.க்குக் கீழோ போய், கூடவே வாழிடம் துண்டுபட்டும் குறைந்தும் வந்தால், முதல் படியில் வைக்கலாம் என்பது விதி. குடகிலிருந்து அகத்தியமலை வரை என்று நான் மேலே சொன்னேனே, அது வளைத்துப் போட்ட கோடு. அந்தக் கோட்டுக்குள் எத்தனை தேயிலைத் தோட்டம், எத்தனை அணை, எத்தனை ஊர் என்று நினைத்துப் பார்த்தால் இரண்டு பரப்புக்கும் உள்ள வேறுபாடு விளங்கும்.

சட்டத்திலும் எலிக்கு நல்ல பெயர் இருந்ததில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை என்பது தொல்லை விலங்குகளின் பட்டியல். காகம், பழந்தின்னி வௌவால் ஆகியவற்றோடு 'எலிகள்' என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருந்தார்கள். எந்த எலி, எந்தக் காட்டு எலி என்ற பேச்சே இல்லை. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தப் பட்டியலை எடுத்துவிட்டது.

தொடர்ச்சியை ஒட்டவைப்பது

அறுந்த விதானத்தை ஒட்டவைக்க முடியுமா? ஓரளவு. வால்பாறையில் இயற்கைப் பாதுகாப்பு நிறுவனம் என்ற அமைப்பு 2000களின் தொடக்கத்திலிருந்து தோட்ட நிறுவனங்களோடு சேர்ந்து, சீரழிந்த காட்டுத் துண்டுகளில் அந்த மண்ணுக்கே உரிய மழைக்காட்டு மரக்கன்றுகளை நட்டு வருகிறது. அங்கே புதுத்தோட்டத்தில் சாலைக்கு மேலே சோலைமந்திகள் கடக்கத் தீயணைப்புக் குழாய்த் துணியில் பாலம் கட்டியிருக்கிறார்கள். மந்திகள் அதில் சாவகாசமாக நடந்து போவதைப் பார்த்தவர்கள் நிறையப் பேர். ஜப்பானின் யாமனாஷி மாகாணத்தில் அந்த ஊர் டார்மவுஸுக்காகவே சாலைக்கு மேலே கம்பியும் கயிறுமாகப் பாதை அமைத்திருக்கிறார்கள். மேலிருந்து ஆந்தை பாயாதபடி நடுவில் ஒளிந்துகொள்ள இடம் வைத்தது அதில் எனக்குப் பிடித்த விஷயம்.

பொந்துக்கும் மாற்று உண்டு. பிரிட்டனில் டார்மவுஸுக்குப் பலகைப் பெட்டி மாட்டுகிறார்கள். பார்க்கக் குருவிப் பெட்டி மாதிரியே இருக்கும், ஒரு வித்தியாசம்: ஓட்டை வெளியே பார்த்து இருக்காது, மரத்தண்டைப் பார்த்து இருக்கும். வெளிப்பக்க ஓட்டைக்குக் குருவி பறந்து வந்து அமரும், தண்டுப்பக்க ஓட்டைக்குத் தண்டில் ஏறி வருகிறவர்தான் நுழைய முடியும். அவ்வளவு சின்ன யோசனை. ஆனால் பெட்டியும் பாலமும் தற்காலிக ஒட்டு வேலைதான். இன்று நட்ட வெடிபலா பொந்து விடும் வயதுக்கு வர நம் பேரப்பிள்ளைகள் காலம் ஆகும். இருக்கும் கிழமரத்தை விட்டுவைப்பதற்கு ஆகும் செலவு பூஜ்ஜியம்.

கடைசியாக, இந்த எலியை எப்படிப் பார்த்துப் படிக்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். மடித்து வைக்கக்கூடிய ஓர் அலுமினியப் பெட்டி, உள்ளே தேங்காயோ வேர்க்கடலையோ வைத்தால், மிதித்ததும் கதவு மூடிக்கொள்ளும். எலிக்குக் காயம் படாது. இந்தப் பெட்டிகளைத் தரையில் வைத்தால் தரை எலிகள்தான் வரும், மிளகெலி வராது. கயிறு போட்டு மரத்தில் ஏறி, கிளையிலும் கொடியிலும் பெட்டியைக் கட்ட வேண்டும். திவ்யா முடப்பாவும் அஜித் குமாரும் ரவி செல்லமும் களக்காடு-முண்டந்துறையில் இந்த எலியைப் பற்றிச் செய்த ஆய்வு 2001இல் வந்தது. அந்தக் காட்டில் அட்டைக் கடியோடும் விடாத மழையோடும் விடிகாலையில் மரம் மரமாகப் போய்ப் பெட்டி பார்ப்பது சுகமான வேலை இல்லை.

பெட்டி மூடியிருந்தால் எடுத்துத் துணிப்பைக்குள் கவிழ்த்து, பையோடு எடை போடுவார்கள். வால், பின்னங்கால் அளவெடுப்பார்கள், ஆணா பெண்ணா என்று பார்ப்பார்கள். பிறகு பிடித்த இடத்திலேயே விட வேண்டும். மிளகெலியின் விஷயத்தில் பிடித்த இடம் என்றால் அந்த மரத்தடி இல்லை. திரும்ப மேலே கொண்டுபோய், அது வந்த கிளையிலேயே பையின் வாயைத் திறந்து பிடித்துக்கொள்வார்கள்.